சீர்த் தட்டில் ஏறிய கிட்டார்

“மாமா, ஒரு பக்கம் மட்டும் வெட்டு உள்ள மாடல்தான் வேணும். ரெண்டு பக்கமும் வெட்டினது வேண்டாம். இன்னொரு விஷயமும் இருக்கு. அதை நேர்ல சொல்றேன்.”

என் தங்கை மகள் சௌமியா கைபேசியில் அனுப்பிய இந்தச் செய்தியை, ஏப்ரல் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, மாலை 6.40 என்று தலைப்பிட்டு என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். (ஆண்டைப் போட வேண்டாம் என்பது தங்கையின் உத்தரவு.) முதல் வாக்கியத்தின் கீழே சிவப்பு மையில் கோடு. மூன்றாவது வாக்கியத்துக்கு எதிரே, ஓரத்தில், ‘கேட்கவும்’ என்று ஒரு சொல். அந்தச் சொல்லின் மேல் ஒரு டிக்.

அந்த டிக் பொய். நான் கேட்கவில்லை. கேட்காமலேயே டிக் அடித்தேன். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இத்தனை ஆண்டுகள் இருந்தவன், ஒரு வரப்பு அரை அடி நகர்ந்தாலும் கண்டுபிடிப்பவன், செய்த காரியம் அது.

நடந்தது இதுதான். சித்தையன்கோட்டையில் தங்கை செல்வியும் அவள் கணவர் தங்கவேலும் புது வீடு கட்டியிருந்தார்கள். மே மாதம் பால் காய்ச்சுகிறார்கள். பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டியவன் நான். “உனக்கு என்னம்மா வேணும்?” என்று சௌமியாவிடம் கேட்டேன். பட்டுப் பாவாடை, மோதிரம் இப்படி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “எலக்ட்ரிக் கிட்டார், மாமா” என்றாள்.

அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சீனியர் மாணவியின் கிட்டாரை இரவல் வாங்கிக் கற்றுக்கொண்டு, கல்லூரி இசைக்குழுவிலும் சேர்ந்துவிட்டாள். அந்த சீனியருக்குப் படிப்பு முடிகிறது. கிட்டாரும் அவளோடு ஊருக்குப் போகிறது. சொந்தக் கிட்டார் இல்லாவிட்டால் சௌமியாவுக்குக் குழுவில் இடமில்லை.

தங்கவேல் மாப்பிள்ளைக்கு இதில் துளியும் விருப்பமில்லை. தென்னந்தோப்புக்காரர், பேச்சு குறைவு. பேசினால் தீர்ப்பு மாதிரி இருக்கும். செல்வி அழுது, நான் சிபாரிசு செய்து, கடைசியில் போனில் அவர் சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறேன்: “மச்சான், நீங்க வாங்கிட்டு வாங்க, வேணாங்கல. வீட்டு விசேசத்தன்னிக்கு நாலு பேரு முன்னாடி ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டட்டும். கேக்குற மாதிரி இருந்தா காலேசுக்கு எடுத்துட்டுப் போகட்டும். இல்லாட்டி அது பரண்ல இருக்கட்டும்.”

ஆக, என் கையில் இருந்தது வெறும் சீர்ப்பொருள் அல்ல, மருமகளின் வழக்கு. (தங்கை மகளை எங்கள் பக்கம் மருமகள் என்றுதான் சொல்வோம்.) வழக்கறிஞர் ஒழுங்காக இருந்திருந்தால் வழக்கு எளிதில் ஜெயித்திருக்கும்.

அந்த ‘இன்னொரு விஷயத்தை’ அவள் ஏன் செய்தியிலேயே எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் நான்தான். எனக்கு எழுத்தில் வரும் எதையும் ‘ஆவணத்துக்காக’ என்று போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். அந்தச் செய்தியையும் அனுப்பினேன். பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். சௌமியா காட்டவில்லை.

மறுநாள் நினைவு வந்து தங்கைக்குப் போன் போட்டேன்.

“பாப்பா இன்னொரு விஷயம்னு ஏதோ சொன்னாளே, என்னது?”

“எனக்கென்னண்ணே தெரியும்? அவளத்தான் கேக்கணும்.”

“கலரா இருக்குமோ?”

“கலராத்தான் இருக்கும். எதுன்னாலும் சரின்னுதான் சொல்லுவா.”

டிக்.

திண்டுக்கல்லில் கிட்டார் தேடினால் ஆரோக்கியசாமியின் கடைக்குத்தான் எல்லோரும் வழி சொல்கிறார்கள். கோயில் பாடகர் குழுக்களுக்குக் கீபோர்டு, ஆர்மோனியம், ரிப்பேருக்கு வந்த ஒலிபெருக்கிகள் என்று கடை நிறையச் சாமான். சுவரில் நான் கேட்ட வகையில் இரண்டே இரண்டு தொங்கின. கிட்டாரின் உடம்பைப் பெரிய மாம்பழம் என்று வைத்துக்கொண்டால், கழுத்து சேருமிடத்தில் ஒரு பக்கம் மட்டும் யாரோ ஒரு கடி கடித்தது போன்ற வளைவு. கழுத்தின் கடைசிக் கட்டங்கள் வரை விரல் போவதற்காக அந்த வெட்டு. இரண்டும் ஒரே தேன் நிறம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“எது சார் வேணும்?” என்றார் ஆரோக்கியசாமி.

“பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். பார்க்க மூன்று வாரம் ஆயிற்று.

இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மச்சம் தெரியும். நான் மச்சம் தேடினேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் ஒன்றுக்கு நான்கு, இன்னொன்றுக்கு இரண்டு. ஒன்றின் கழுத்து உடம்போடு பசை போட்டு ஒட்டியது, இன்னொன்றுக்கு ஆணி முடுக்கியது. எடையில் வித்தியாசம் இருப்பதாகத் தோன்றவே, இரண்டையும் பக்கத்துப் பூக்கடைக்கு எடுத்துப்போய், மல்லிகை நிறுக்கும் மின் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கு திருகுக்காரன் ஏறக்குறைய அரைக் கிலோ கூடுதல். கனம் நல்லதா கெட்டதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் குறித்துக்கொண்டேன்.

ஒலியைச் சோதிக்க, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ஆரோக்கியசாமியை இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னேன். பன்னிரண்டு முறை வாசித்தார். ‘இரண்டும் நன்று’ என்று எழுதினேன்.

“சார், பொண்ணு பாக்கப் போனவங்ககூட இத்தனை தடவை வந்து போனதில்ல சார்” என்றார் ஐந்தாம் வருகையில். பிறகு, நியாயமான ஒரு யோசனையும் சொன்னார்: “வாசிக்கப் போற பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. கையில குடுத்துப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுபோகும்.”

“தேவையில்லை. அளவெல்லாம் என்னிடம் இருக்கிறது” என்றேன். சௌமியாவின் உயரம், தோள் அகலம், நடுவிரல் நீளம் எல்லாம் அவள் ஊருக்கு வந்திருந்தபோது தங்கையை விட்டு அளக்கச் சொல்லி வாங்கி வைத்திருந்தேன். இடையில் சௌமியா இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் நான் கடையில் இருந்தேன். “அப்புறம் பேசறேம்மா, கழுத்து அளவு எடுத்துட்டிருக்கேன்” என்று வைத்துவிட்டேன். (இதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு தையல்காரர் என்னைத் தன் தொழில்காரன் என்று நினைத்துக்கொண்டார்.)

ஆறாம் வருகையில் வரைதாளோடு போனேன். ஒளி ஊடுருவும் தாளில் இரண்டு கிட்டாரின் உருவக்கோட்டையும் வரைந்துவந்து, வீட்டில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. என் மனைவி மல்லிகா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டு இடப்பக்கமாக வந்தது.

“இப்படியும் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“அது பின்பக்கம். தாளைத் திருப்பிப் பிடித்திருக்கிறாய்.”

“அப்ப இந்தப் பக்கம் வெட்டுனது கிடைக்காதா?”

“அப்படி ஒன்று கிடையவே கிடையாது” என்றேன். அப்படி ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியாது என்பதே உண்மை.

ஏழாம் வருகையில் முடிவு செய்தேன். எடையால் அல்ல, ஒலியால் அல்ல. இரண்டு திருகுக்காரனின் தலைக்குப் பின்னால் நீளமாக ஓர் எண் பொறித்திருந்தது. அதில் அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டேன். இன்னொன்றின் எண் ஒட்டிய தாள் கிழிந்துபோயிருந்தது. பிறந்த தேதி தெரியாத பொருளை என்னால் சீராகக் கொடுக்க முடியாது. (அந்த எண் தேதியே இல்லை, மாடல் எண் என்று பிறகு தெரிந்தது. இந்தக் கட்டுரையில் அது சிறிய பிழை.)

விசேஷத்தன்று காலை எட்டரைக்கு வேன் சித்தையன்கோட்டைத் தெருமுனையில் நின்றது. தட்டுகளை இறக்கி எண்ணினார்கள். இருபத்தொன்று, ஒற்றைப்படை, சரி. கிட்டாரை இறக்கியதும் சிக்கல்.

“இதைச் சேத்தா இருபத்திரண்டாகுதே” என்றாள் மல்லிகா.

“இது தட்டு இல்லை, சாமான்” என்றேன்.

“தாம்பாளத்துல வச்சா தட்டுத்தான்.”

உடனே ஒருவர் கடைக்கு ஓடிச் சர்க்கரை வாங்கிவந்து இருபத்துமூன்றாக்கினார். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் கிட்டாரைப் படுக்க வைத்தார்கள். உடம்பு தாம்பாளத்தில், கழுத்து வெளியே. கழுத்தில் கனகாம்பரச் சரம். உடம்பில் மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மல்லிகா தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். முன்னால் தவில்காரர் நின்ற போதெல்லாம் கிட்டாரின் தலை அவர் பின்னந்தலையில் இடித்தது. தெருவில் ஒருவர் கேட்டார், “என்னாத்தா அது, வீணையா?” மல்லிகா சளைக்கவில்லை. “கரண்டு வீணை.”

சாதாரணமாகவே நான் பெருமைக்காரன். அன்று என்னைப் பிடிக்க முடியவில்லை.

புது வீட்டின் கூடத்தில் அறுபது எழுபது பேர். ஒலிப்பெட்டி, ஒலிவாங்கியோடு ஆரோக்கியசாமியும் வந்திருந்தார். ஏழு முறை வந்தவனின் விசேஷத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். சௌமியா என் காலில் விழுந்து எழுந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி நின்றது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “சூப்பர் மாமா” என்றாள். ஆனந்தத்தில் அதற்குமேல் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

“வாசிம்மா” என்றேன், வழக்கறிஞரின் தோரணையில்.

அவள் மாட்டிக்கொண்டு வாசித்தாள். வாசித்தாள் என்று எழுதக் கை கூசுகிறது. ஒலிப்பெட்டியிலிருந்து வந்தது தகரக் கதவை இழுக்கும் சத்தம். நின்றாள், மீண்டும் தொடங்கினாள். விரல்கள் எங்கெங்கோ போயின. நெற்றி வியர்த்தது.

“மைக் டெஸ்டிங்கா?” என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு.

“இதுக்குத்தான் இம்புட்டு ஆர்ப்பாட்டமா? பேசாம ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுத்திருக்கலாம்.”

“அதுவும் இதே சத்தந்தான் போடும், அப்பு!”

இந்த இடத்தை மாற்றி எழுத எனக்கு ஆசை உண்டு. முடியாது, குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த நிமிடம், மருமகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். என் பெயரைக் கெடுத்துவிட்டாளே என்றும் நினைத்தேன். தலையைக் குனிந்து மொசைக் தரையின் புள்ளிகளை எண்ணினேன்.

அப்போது தங்கவேல் மாப்பிள்ளை எழுந்தார். பரணைக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகளிடம் போய்ச் சத்தமில்லாமல் சொன்னார். ஆனால் ஒலிவாங்கி அவள் பக்கத்திலேயே இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

“ஏத்தா, அந்தக் கையில வாசி.”

சௌமியா அம்மாவைப் பார்த்தாள்.

“என்னங்க...” என்றாள் செல்வி.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கு வர்ற கையில வாசி.”

சௌமியா கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பினாள். இடது கை தந்தியை மீட்டும் இடத்துக்கு வந்தது. ஆரோக்கியசாமி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் தவிலைவிடப் பலமாகக் கேட்டது.

“ஏழு தடவை வந்தீங்களே சார்! ஏழு தடவை!”

அதுதான் அந்த ‘இன்னொரு விஷயம்’. என் மருமகள் இடக்கைக்காரி. சின்ன வயதிலேயே அதட்டி, தட்டி, எழுதுவதையும் சாப்பிடுவதையும் வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியவர்களில் முதல் ஆள் அவள் அப்பா. விடுதிக்குப் போன பிறகு, அந்த சீனியரும் இடக்கைக்காரியாக இருந்ததால், அவளுடைய கிட்டாரை மடியில் வைத்ததும் கை தன்பாட்டுக்குத் தன் இடத்துக்குப் போயிருக்கிறது. வீட்டில் சொல்லப் பயம். மாமாவிடம் சொல்லலாம் என்றால், மாமா ஒரு நடமாடும் வாட்ஸ்அப் குழு.

அவள் பிறந்த நேரம் நிமிட சுத்தமாக என்னிடம் இருக்கிறது. முதல் பல் விழுந்த தேதி இருக்கிறது. எந்தக் கை என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? விசேஷங்களில் மட்டுமே அவளைப் பார்த்திருக்கிறேன். விசேஷத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மாமா கொடுப்பதை வாங்குகிறார்கள், திருநீறு வாங்குகிறார்கள், இலையில் சாப்பிடுகிறார்கள். மூன்றுக்கும் நம் வீடுகளில் வலது கையை மட்டும்தான் வெளியே விடுவோம். இருபது வருடம் நான் பார்த்தது மருமகளின் பாதியைத்தான்.

அவளை மாற்றி வாசிக்கச் சொன்னால் மட்டும் போதாது என்றார் ஆரோக்கியசாமி. தலைகீழாகப் பிடித்தால் தடித்த தந்தி கீழே போய்விடும். பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தார். தந்திகளைக் கழற்றி, வரிசையைத் திருப்பிப் போடப் பார்த்தார். கழுத்தின் தலைமாட்டில் மெல்லிய தந்திக்கு வெட்டியிருந்த பள்ளத்தில் தடித்த தந்தி உட்கார மறுத்தது. அந்தப் பள்ளத்தை அராவி அகலப்படுத்தினார். அதற்குள் முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். நான் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மாமா, நீங்க சாப்பிடப் போங்க” என்றாள் சௌமியா.

“வேண்டாம்மா.”

“கோவமா?”

“யார்மேல் கோபப்படுவது? நீ ஏம்மா சொல்லவில்லை? பார்த்ததுமே தெரிந்திருக்குமே.”

“நாலு பேரு முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிடும்ல மாமா.”

தன்னுடைய கிட்டார் பரணுக்குப் போனாலும் பரவாயில்லை, மாமாவுக்கு அசிங்கம் கூடாது என்று வராத கையில் வாசித்திருக்கிறாள். நானோ மொசைக் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒலிவாங்கியை எடுத்தேன். “எல்லாரும் செத்த கேளுங்க. பாப்பாவுக்கு நல்லா வாசிக்கத் தெரியும். நாந்தான் கை மாத்தி வாங்கிட்டு வந்துட்டேன். தப்பு என்னுது” என்றேன். வாழ்க்கையில் நான் குறிப்பேடு இல்லாமல் பேசிய ஒரே சொற்பொழிவு.

அவள் வாசித்தாள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டு. தந்தி இரண்டு இடத்தில் கரகரத்தது. ஆனால் பாட்டு பாட்டாக இருந்தது. பாயசக் கரண்டியோடு ஒருவர் அப்படியே நின்றார். சரணத்தில் மேல் சுரம் வரும் இடம் வந்தது. அங்கேதான் அந்த ஒற்றை வெட்டு பழிவாங்கியது. தலைகீழாகப் பிடித்ததால் வெட்டு மேல்பக்கம் போய்விட்டது. கை போக வேண்டிய பக்கம் முழு மரம் நின்றது. மூன்று வாரமாக நான் நூல் பிடித்து அளந்த வளைவு, சந்தனப் பொட்டோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் மரத்தில் முட்டியதும் சௌமியா நிறுத்தவில்லை. அந்தச் சுரங்களை மட்டும் வாயால் பாடிவிட்டுக் கீழே இறங்கித் தந்தியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது கூடமே சேர்ந்து பாடியது. கிரைண்டர் யோசனை சொன்னவர்தான் உரக்கப் பாடினார்.

முடிந்ததும் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பரண்ல இடமில்ல” என்றார். “எடுத்துட்டுப் போ.”

அவள் எடுத்துப்போனது அதையல்ல. ஆரோக்கியசாமி சொல்லி வைத்து, நான்கு வாரத்தில் இடக்கைக் கிட்டார் ஒன்று வந்தது. கறுப்பு நிறம், ஒற்றை வெட்டு. மல்லிகா வெளிச்சத்தில் பிடித்த தாளில் இருந்தது போலவே. அதன் எடையையோ எண்ணையோ நான் பார்க்கவில்லை. அவள் கையில் கொடுத்துப் பார்த்தோம். ஒரு நிமிடம்தான் ஆயிற்று. பழையதைத் திருப்பிக் கொடுக்கப் போனால், “சந்தனம் வச்ச சாமான எப்படி சார் திரும்ப எடுக்குறது?” என்று கையெடுத்துக் கும்பிட்டார். தந்தியைப் பழையபடி மாற்றி, என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வெட்டின் ஓரத்தில் குங்குமம் இன்னும் போகவில்லை.

சௌமியா இப்போது வேலைக்குப் போகிறாள். குழுவை விடவில்லை. என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டி, “எந்தக் கையில வாங்கட்டும் மாமா?” என்கிறாள். நான் கத்தரிக்கோல் வாங்கினாலும், கரண்டி வாங்கினாலும், உறவில் யாராவது ஒருவர் “எந்தக் கைன்னு கேட்டியா?” என்று கேட்காமல் விடுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் ஊற்ற வந்தவர்கூடக் கேட்டார். அவர் எங்கள் உறவுகூட இல்லை.

என் குறிப்பேட்டில் குடும்பத்தார் பக்கத்தில் பிறந்த தேதிக்கு அடுத்து ‘கை’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு நிரப்பினேன். ஒரு கட்டம் மட்டும் காலி.

சென்ற பங்குனியில் முன்னறிவிப்பின்றித் தோப்புக்குப் போனேன். தங்கவேல் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தார். அரிவாள் இடது கையில் இருந்தது. மூன்றே வெட்டு, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என்னைப் பார்த்ததும் அரிவாளை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“மாப்ள, நீங்களும்...?”

“அந்தப் பக்கம் வெயில் அடிச்சுச்சு மச்சான். இந்தாங்க, குடிங்க.”

அன்று தோப்பில் வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்பதை நான் குறித்துக்கொள்ளவில்லை. எனவே, மாப்பிள்ளை எந்தக் கைக்காரர் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. கட்டத்துக்கு எதிரே ‘கேட்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். டிக் அடிக்கவில்லை.